ராஜா மட்டும் மிச்சம்

அரிமளம்
5.6.2025

அன்புள்ள சேரன் மச்சானுக்கு,

இளமதி எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், உங்கள் அக்கா செவந்தி மதினி, குட்டிப் பயல் எல்லாரும் சுகம். பயலுக்குக் காது புண் ஆறிவிட்டது. ராஜஸ்தான் வெயிலில் கருகாமல் இருக்கிறீர்களா என்று மதினி கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவர்தான்.

பயல் காதுகுத்தன்று பந்தலில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் செஸ் போர்டை விரித்து, "மாமா, இந்த ஆட்டத்துல நான் ஜெயிச்சா இளமதிய எனக்குக் கட்டிக்குடுங்க. தோத்தா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னீர்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் நான்தானே, நான் அங்கேதானே இருந்தேன்? "சரி, ஆடுவோம்" என்று நான் உட்கார்ந்ததே உங்களைத் தோற்கடித்து வாயை அடைக்கத்தான். அதற்குள் ரயிலுக்கு நேரமாச்சு என்று எழுந்து ஓடிவிட்டீர்கள்.

அப்பா விடுவதாக இல்லை. திருமயம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவருக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. போர்டை அலுங்காமல் தூக்கி பிரிட்ஜ் மேலே வைத்துவிட்டார். ஆட்டம் தபாலில் நடக்குமாம், நடுவர் அவராம். "போன்ல ஆடுனா யாரு எப்ப ஆடுனான்னு யாருக்குத் தெரியும்? தபால் முத்திரைன்னா தேதி பொய் சொல்லாது" என்கிறார். ஒருவர் கடிதம் மற்றவர் கைக்குக் கிடைத்த இருபது நாளுக்குள் பதில் காயை நகர்த்தித் தபாலில் போட வேண்டும். தவறினால் தோல்வி. ஆட்டம் முடியும்வரை நாம் போனில் பேசக் கூடாது. போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாவற்றையும் அவர் படிப்பார். தபாலில் போடுவதும் அவர்தான், டைம் கீப்பர் கணக்கில் சரியாகக் காலை 10.40க்கு.

என் பக்கம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். உங்கள் பக்கம் ராஜா, குதிரை, ஒரு சிப்பாய். ஜெயிக்கப்போவது யார் என்று குட்டிப் பயலே சொல்லுவான். யானையால் செக். கட்டத்தின் எண்ணைத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தோற்பதற்காவது தெம்பு வேண்டும்.
இளமதி

பார்த்தேன். காலை 10.40. சோலையப்பன், நடுவர்.


ஜெய்சல்மேர்
19.6.2025

அன்புள்ள இளமதிக்கு,

சேரன் எழுதுகிறேன். நான் சுகம். மாமாவின் முட்டிவலி தேவலையா? அக்காவிடம் நான் கருகிவிட்டதாகவே சொல்லிவிடு, பொய் இல்லை. இங்கே சோலார் பிளான்ட்டில் பகலில் ஸ்பானரைத் துணி சுற்றாமல் தொட முடியாது.

உன் கடிதம் வந்தபோது கேம்ப்பில் ஆறு பேர் எட்டிப் பார்த்தார்கள். இந்தக் காலத்தில் இவனுக்கு யாரடா கடுதாசி போடுகிறது என்று அவர்களுக்கு ஆச்சரியம். போர்டு இல்லாததால் அட்டையில் கட்டம் கிழித்து, நட்டும் போல்ட்டும் வைத்திருக்கிறேன். பெரிய போல்ட் உன் யானை. அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

செக்குக்கு ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கினேன். எண் கீழே இருக்கிறது.

மாமாவிடம் ஒன்று கேட்டுச் சொல். ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன, லேட்டானால் என்ன என்று பேசியாயிற்று. ட்ரா ஆனால் என்ன செய்வது?

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.
சேரன்


அரிமளம்
3.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாரும் சுகம். அப்பாவின் முட்டி வலிக்கிறது, ஆனால் உங்கள் கடிதத்தை வாங்க வாசலுக்கு ஓடும்போது வலிப்பதில்லை. உங்கள் போல்ட் யானையை நினைத்து மதினி சிரித்துக் குழம்பைத் தீயவிட்டுவிட்டார்.

நீங்கள் கேட்டதை அப்பாவிடம் கேட்டேன். "ட்ராவா? எங்க செட்டுல அந்தப் பேச்சே கெடையாது. டெப்போவுல ஒருத்தன் போதும்டா சாமின்னு எந்திரிக்கிற வரைக்கும் ஆடுவோம். ஒண்ணு ஜெயிக்கணும், இல்ல தோக்கணும்" என்று சொல்லிவிட்டார். நான் புதுக்கோட்டையில் காலேஜ் டீமில் ஆடியவள், அப்படி இல்லையப்பா என்று வாயெடுத்தேன். நடுவர் சொன்னா சொன்னதுதான் என்றார். ஆகவே தப்பிக்க வழி தேடாதீர்கள்.

சிப்பாயை முன்னால் தள்ளினேன். இன்னும் மூன்று கட்டம் போனால் ராணி. லேபில் ரத்தம் எடுக்கும்போதுகூட இந்தச் சிப்பாய்தான் கண்ணில் நிற்கிறது. நேற்று ஒரு பெரியவர், "ஏந்தாயி தனியாச் சிரிக்கிற, எனக்கு சுகரு கொறஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
இளமதி

பார்த்தேன். காலை 10.40. சோலையப்பன், நடுவர்.


ஜெய்சல்மேர்
17.7.2025

அன்புள்ள இளமதிக்கு,

சுகம்தானே? இங்கே நேற்று நாலு தூறல் விழுந்தது, அதற்கே கேம்ப்பில் கேசரி கிண்டினார்கள்.

குதிரையைத் தாண்டவிட்டிருக்கிறேன். உன் சிப்பாயை அது முறைத்துக்கொண்டு நிற்கும். பார்த்து ஆடு.

மாமா படிப்பார் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். அன்று பந்தலில் நான் பேசியது தப்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கா கல்யாணத்துக்கு முதல்நாள் என்னை வரிசையாக மூன்று ஆட்டம் தோற்கடித்தாயே, அன்றிலிருந்து உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நேரில் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் கூட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு மாமாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைப் பந்தயப் பொருள் மாதிரி நடுவில் வைத்ததை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்.

ஆட்டத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது வேறு.
சேரன்


அரிமளம்
1.8.2025

மச்சானுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கும் குறைவிருக்காது என்று நினைக்கிறேன்.

கடிதத்தை அப்பா சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் கேட்க உரக்கப் படித்தார். நாலு வருஷம் என்கிற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார். அண்ணன் ரசத்தை விட்டுவிட்டு எழுந்துபோனார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மன்னிப்பு கேட்டீர்கள். சரி.

ராஜாவை நகர்த்தினேன்.
இளமதி

பார்த்தேன். காலை 10.40. சிப்பாயைக் காப்பாற்றவில்லை என்று சொன்னேன், கேட்கவில்லை. சோலையப்பன், நடுவர்.


ஜெய்சல்மேர்
27.8.2025

அன்புள்ள இளமதிக்கு,

முதலில் மாமாவுக்கு: கடைசி நாளில்தான் தபாலில் போடுகிறேன், ஆனால் நாளுக்குள் போட்டுவிட்டேன். முத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமாக மணல் புயல். கேம்ப்பிலிருந்து ஊருக்கு வண்டி விடவில்லை. இன்று தண்ணீர் லாரியில் தொற்றிக்கொண்டு வந்து, போஸ்ட் ஆபீஸ் கதவு பாதி சாத்திய பிறகு உள்ளே நுழைந்தேன். மூக்கு, காது எல்லாம் மணல். மற்றபடி சுகம்.

குதிரையால் உன் சிப்பாயை வெட்டினேன். அது முறைத்துக்கொண்டு நிற்கும் என்று சொல்லியிருந்தேன்தானே? உன் கவனம் எங்கே போயிற்று?

போன கடிதம் ஏன் அவ்வளவு சின்னது? நான் எழுதியது பிடிக்கவில்லையா?
சேரன்


அரிமளம்
6.9.2025

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீங்கள்தான் எங்களைச் சுகமாக இருக்கவிடவில்லை.

என் கடிதம் உங்களுக்குக் கிடைத்த தேதியை அப்பா ஸ்பீடு போஸ்ட் நம்பரைப் போட்டுப் போனில் பார்த்துவைத்துக்கொண்டார். இருபது நாள் தாண்டியும் உங்கள் கடிதத்தைக் காணோம். "பய லேட்டு. எம்பொண்ணு ஜெயிச்சா" என்று தெருவில் சொல்லிவிட்டு வந்தார். முத்திரையைப் பார்க்காமல் எப்படிச் சொல்லலாம் என்று நான் கத்தினேன். அப்பாவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. மதினி அரைத்துக் கொண்டுவந்த மாவை அப்படியே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இரண்டு நாள் லேபில் எனக்கு வேலை ஓடவில்லை. கடிதம் வந்து, முத்திரையில் தேதி சரியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

இனிமேல் மணல் புயலுக்கு முன்னாலேயே தபாலில் போடுங்கள்.

யானையை உங்கள் குதிரை தாண்டுகிற கட்டத்தில் வைத்திருக்கிறேன். எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தப்பாக எழுதவில்லை.

தண்ணீர் நிறையக் குடியுங்கள்.
இளமதி

பார்த்தேன். காலை 10.40. இந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று தெரியவில்லை. சோலையப்பன், நடுவர்.


ஜெய்சல்மேர்
15.9.2025

அன்புள்ள இளமதிக்கு,

சுகமா? உண்மையாகக் கேட்கிறேன்.

நீ கொடுத்த எண்ணை மூன்று தடவை பார்த்தேன். அட்டையில் பெரிய போல்ட்டை எடுத்து வைத்தேன், திரும்ப எடுத்தேன். காலேஜ் டீமில் ஆடியவள் யானையைக் குதிரை வாயில் வைப்பாளா? ஆட்டம் என்றால் ஆட்டம். வெட்டிவிட்டேன். ஆனால் கை கூசியது.

இனி உன்னிடம் ராஜா மட்டும்தான் மிச்சம். என்னிடம் சிப்பாய் இருக்கிறது. நாலு கட்டம் போனால் அது ராணி. அப்புறம் ஆட்டம் எப்படி முடியும் என்று உனக்கே தெரியும்.

ஒன்று மட்டும் சொல். வீட்டில் யாராவது உன்னிடம் பேசினார்களா? உறவு கெட்டுப்போகும், விட்டுக்கொடு என்று யாராவது நெருக்குகிறார்களா?
சேரன்


அரிமளம்
25.9.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சுகம். உண்மையாகவே சுகம்.

இந்தக் கடிதத்தை அப்பா படிப்பார். அவர் படிக்கிற கடிதத்தில் எல்லாவற்றையும் எழுத முடியுமா? நீங்கள் கேட்டதற்கு வேறொரு நாள் பதில் சொல்கிறேன்.

என் ராஜா ஒரு கட்டம் நகர்ந்துவிட்டார். படை இல்லாத ராஜா, பாவம், உலாத்திக்கொண்டு இருக்கிறார். உங்கள் சிப்பாய்க்கு முன்னால் பாதை காலியாகக் கிடக்கிறது. தீபாவளிக்கு முன்னால் ராணி எடுத்துவிடலாம் என்று மதினி விரல் விட்டுக் கணக்குப் போடுகிறார். தபால் வேகத்தில் பொங்கலே ஆகும் என்று நான் சொன்னேன். உனக்கு என்ன அவசரம் என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. திருமயம் பஸ்ஸில் ஜன்னல் சாத்தாது. நனைந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறேன். இருந்தாலும் காரணம் இல்லாமல் சந்தோஷமாக இருக்கிறது.

உங்கள் முறை. தாமதிக்காதீர்கள்.
இளமதி

பார்த்தேன். காலை 10.40. சோலையப்பன், நடுவர்.


அரிமளம்
3.11.2025

சேரன் மச்சானுக்கு,

இங்கே யாருக்கும் சுகமில்லை. விசாரிக்க வேண்டாம்.

என் கடிதம் அக்டோபர் முதல் தேதி உங்கள் கைக்குக் கிடைத்திருக்கிறது. இருபது நாள் போனது. தீபாவளி போனது. உங்கள் அக்கா போன் செய்தால், "பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். இந்தத் தடவை மணல் புயலும் இல்லை, நான் போனில் பார்த்துவிட்டேன். போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாது என்று தபாலுக்காக அப்பா இன்னும் பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். நேற்று முன்தினம் காலை பிரிட்ஜ் முன்னால் நின்று, "நேரம் முடிஞ்சுது. இளமதி ஜெயிச்சாச்சு. இனிமே இந்தச் சம்பந்தப் பேச்சு இந்த வீட்ல கெடையாது" என்றார். சொல்லும்போது அவர் குரலே சரியில்லை. மதினி அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதார்.

நான் அழவில்லை. "நான் ஜெயிக்கலப்பா" என்றேன். "லேட்டுன்னா லேட்டுதானே?" என்றார். லேட்டுதான், ஆனால் என்னிடம் ராஜா மட்டும்தான் இருக்கிறார், தனி ராஜாவால் யாரையும் மேட் செய்து ஜெயிக்க முடியாது, அதனால் எதிராளிக்கு நேரம் முடிந்தாலும் ட்ராதான் என்று விளக்கினேன். நம்பவில்லை. வாங்க, கேட்டுவிடுவோம் என்று நேற்று புதுக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு செஸ் போட்டி. நடுவராக இருந்த பெண்மணியிடம் அப்பா ஆட்டத்தைச் சொல்லிக் கேட்டார். அவர் திருப்பிக் கேட்டார்.

"ஒங்க மக கையில ராஜா மட்டுந்தானாங்க?"

"ஆமாங்க."

"அப்ப ட்ராங்க. நேரத்த விட்டவரு தோக்கணும்னா, எதிர்ல இருக்கவங்க ஜெயிக்கிறதுக்கு ஒரு வழியாவது இருக்கணும்ல?"

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா டிக்கெட்டின் பின்பக்கம் கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "நாற்பது வருஷமாத் தப்பா ஆடியிருக்கோம்" என்றார். வீட்டுக்கு வந்து போர்டிலிருந்த காய்களை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை, பந்தயம் ரத்து.

இப்போது அன்றைக்கு எழுதாத பதில். அந்த ட்ரா விதி எனக்கு நேற்றுத் தெரிந்தது அல்ல. காலேஜிலேயே தெரியும். உங்கள் கடிதம் தாமதமான அந்த இரண்டு நாளில்தான் எனக்கு உறைத்தது. ஒரு மணல் புயல், ஒரு பஞ்சர், ஒரு தபால்காரருக்குக் காய்ச்சல், இது போதும் நான் ஜெயித்துவிட. ஜெயித்தால் உங்களை இழந்துவிடுவேன். அதனால்தான் யானையைக் கொடுத்தேன். நீங்கள் எவ்வளவு தாமதமாக வந்தாலும் நான் ஜெயிக்க முடியாதபடி என் கையை நானே காலி செய்துகொண்டேன். யாரும் நெருக்கவில்லை. என்னை நெருக்க இந்த வீட்டில் ஆளும் இல்லை.

அப்படிக் கொடுத்தவளுக்காகச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்த உங்களுக்கு என்ன கேடு? மனம் மாறிவிட்டதா? மாறியிருந்தால் அதையாவது எழுதுங்கள். மாறவில்லை என்றால், இந்த முறை கேட்க வேண்டியவளிடம் கேளுங்கள்.

இளமதி

பார்த்தேன். காலை 10.40. தீர்ப்பு: ட்ரா. சோலையப்பன், நடுவர்.


ஜெய்சல்மேர்
10.11.2025

அன்புள்ள இளமதிக்கு,

உன் கடிதத்தை பிளான்ட் கேட்டிலேயே நின்று படித்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆச்சா என்று கேட்டார். நல்ல சேதி என்று சொல்லத் தெரியாமல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நான் சுகம். இப்போதுதான் சுகம்.

நடந்ததைச் சொல்கிறேன். யானையை வெட்டிய மறுவாரம் அக்கா போனில், "ஒனக்காக அவகிட்டப் பேசிச் சரிக்கட்டிட்டேன்டா, யானையவே தூக்கிக் குடுத்துட்டா பாத்தியா" என்று பெருமையடித்தாள். நான் நம்பிவிட்டேன். அடுத்த உன் கடிதத்தில், அப்பா படிப்பார், எழுத முடியாது என்று இருந்தது. எல்லாரும் சேர்ந்து உன்னைப் பணியவைத்துவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். சிப்பாயை நகர்த்தி எழுதிய கடிதம் இன்றும் என் டூல் பாக்ஸில் ஒட்டியபடி கிடக்கிறது. அதைத் தபாலில் போட்டால் நீ விருப்பமில்லாமல் என்னிடம் வருவாய். போடாவிட்டால் நீ ஜெயித்துத் தப்பித்துவிடுவாய். ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டியைத் திறந்து மூடினேன். கடைசி நாள் தண்ணீர் லாரி கிளம்பியபோது ஏறாமல் நின்றுவிட்டேன். உன்னைத் தப்பவைத்துவிட்டேன் என்று நினைத்து அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

நீ ஜெயிக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. எனக்கும் அந்த விதி தெரியாது. டெப்போ செட்டில் நானும் சேர்த்தி.

இந்தக் கடிதத்தில் காய் எதுவும் இல்லை. பந்தயம் இல்லை, கூட்டம் இல்லை. மாமா படித்தால் படிக்கட்டும்.

இளமதி, என்னைக் கட்டிக்கொள்வாயா?

முடியாது என்றாலும் எழுது. இருபது நாள் கெடு எல்லாம் இல்லை. எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருப்பேன்.
சேரன்


அரிமளம்
17.11.2025

அன்புள்ள சேரனுக்கு,

மச்சான் என்பதை எழுதிவிட்டு அடித்தேன். ஒரு தடவை பெயரை மட்டும் எழுதிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லாரும் சுகம். பெருமையடித்ததற்காக மதினியிடம் நான் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் என் டிபன் பாக்ஸில் அதிரசம் இருந்தது. பேசிவிட்டேன்.

உங்கள் கடிதம் காலையில் வந்தது. சாயந்தரம் லேபிலிருந்து வந்ததும் எடுத்துக்கொண்டு போய் மாடியில் துணி காயப்போட்ட இடத்தில் உட்கார்ந்து படித்தேன். கேட்கத் தெரிந்த மனிதர் நாலு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஈரத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தேன்.

கட்டிக்கொள்கிறேன். முழு மனதோடு.

திருமயம் லேப் வேலையை விட மாட்டேன். நீங்கள்தான் இந்தப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு வர வேண்டும். அதைப் பேசித் தீர்ப்போம். இனிமேல் போனில் பேசலாம், ஆனால் கடிதத்தையும் நிறுத்தாதீர்கள், எனக்குப் பழகிவிட்டது. வரும்போது அந்தப் பெரிய போல்ட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள். கல்யாணத்துக்கு முதல்நாள் ஒரு ஆட்டம். யானையைக் கொடுக்க மாட்டேன், தோற்கத் தயாராக வாருங்கள்.

உங்கள்
இளமதி


கவரின் பின்பக்கம், ஒட்டிய இடத்துக்கு மேல்:

வந்த கடிதத்தையும் பிரிக்கவில்லை, போகிற கடிதத்தையும் படிக்கவில்லை. தபாலில் போட்டது மட்டும் நான். காலை 10.40. சோலையப்பன்.